நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றவன்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க தம்பி, எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். திண்டுக்கல்லா? ஓ, ஒட்டன்சத்திரத்துலயே இறங்கிடுவீங்களா? சரி, அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு. தூக்கம் வந்தா சொல்லிடுங்க, வாயை மூடிக்கிறேன். ஆனா இன்னைக்கு எனக்குப் பேசாம வர முடியாது.

கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். என் பொண்ணு இல்லை, சிநேகிதன் பொண்ணு. போன காரியம் என்னாச்சுன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல அந்தச் சிநேகிதன் எனக்குச் செஞ்சதைக் கேளுங்க. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் தம்பி. ஒரு சின்ன விஷயத்துக்கு, ஒரே ஒரு சின்ன விஷயத்துக்கு, ரெண்டு மாசமா என்னை வேத்தாள் மாதிரி நடத்துறான்.

என் பேரு தெய்வசிகாமணி. திண்டுக்கல்ல கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். மூக்குக்கண்ணாடி. பக்கத்துக் கடை லூர்து ஸ்டுடியோ. அதுதான் அவன் கடை. அருளப்பன். நான் அருளுன்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு கடைக்கும் நடுவுல ஒத்தைச் சுவர். அவன் தும்மினா எனக்குக் கேக்கும்.

ஆரம்பத்துல எங்களுக்கு ஆகாது. அவன் போர்டு என் போர்டை மறைக்குதுன்னு எனக்குக் கோபம். ஒருநாள் சாயங்காலம் விளக்குப் போட்ற நேரத்துல தெருவுக்கே கரண்டு போச்சு. தொண்ணூத்தேழு ஏப்ரல் மாசம். ரெண்டு பேரும் வாசலுக்கு வந்தோம். எதிர்த்த கட்டடத்துக்கு மேல, மேற்கால, வால் நட்சத்திரம் நின்னுச்சு. பேப்பர்ல எல்லாம் போட்டிருந்தானே, அது. சாம்பல் பூசின மாதிரி ஒரு வால். நான் அண்ணாந்து அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். இவன் பக்கத்துல வந்து, "ஏங்க, அது நெசமாவே வாலா, இல்லை என் கண்ணுல கோளாறாங்க? நீங்கதான் கண்ணு பார்க்கிறவராச்சே"ன்னான். அன்னைக்குப் பிடிச்சதுதான் தம்பி. "ஏங்க" ரெண்டு வாரத்துல "ஏப்பா" ஆச்சு, ஆறு மாசத்துல "டேய்" ஆச்சு.

பைத்தியம்னா அப்படி ஒரு பைத்தியம். லீவு நாள்ல அவன் டிவிஎஸ் ஃபிப்டியில சிறுமலைக்கு ஏறிடுவோம். கொடைக்கானல்ல சூரியனை ஆராய்ச்சி பண்ற இடத்துக்குப் போனோம். பெரிய டெலஸ்கோப் இருக்கிற காவலூருக்குப் போனோம், வாணியம்பாடியில இறங்கி, மலைப்பாதையில பஸ்ஸு மாறி. எங்க போனாலும் அவன் வீட்டுல கட்டிக் கொடுத்த எலுமிச்சஞ்சோறுதான். அவன் சம்சாரம் சொல்லும், "இவங்க ரெண்டு பேரும் நிலாவைக் கட்டிக்கிட்டிருக்கலாம்"னு.

டெலஸ்கோப் நாங்களே செஞ்சோம். மதுரையில அறிவியல் ஆளுங்க சில பேர் சேர்ந்து பயிற்சி வெச்சாங்க. வட்டக் கண்ணாடி ஒண்ணைக் கொடுத்து, இன்னொரு கண்ணாடி மேல வெச்சு, பொடி போட்டுத் தேய்க்கச் சொல்லுவாங்க. தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். நாள் கணக்கா. அவன் ஸ்டுடியோ பின்னறையில வெச்சு, ஆளு மாத்தி ஆளு தேய்ச்சோம். அவன் பொண்ணு ஜெனிட்டா அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தது. என்னைச் சித்தப்பான்னுதான் கூப்பிடும், அது வந்து தண்ணி ஊத்தும். பெரிய பிளாஸ்டிக் குழாய் வாங்கி, உள்ளே கருப்படிச்சு, ஆசாரிகிட்டச் சொல்லி மரத்துல பீடம் செஞ்சு... வியாழனோட நாலு நிலாவை முதல் தடவை அதுல பார்த்தப்ப, அருளு என் தோளைப் பிடிச்சு உலுக்கிட்டான். அவனுக்குச் சந்தோஷம் வந்தா பேச்சு வராது. எனக்கு அப்படி இல்லை, சந்தோஷம் வந்தா எனக்குப் பேச்சுதான் வரும். அதனாலதான் ஊர்ல எல்லாரும் என்னை "நட்சத்திரக் கண்ணாடிக்காரர்"னு சொல்லுவாங்க. அவனை யாரும் அப்படிச் சொல்லுறதில்லை. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

சரி, கிரகணத்துக்கு வர்றேன்.

சூரிய கிரகணத்துல ஒரு வகை இருக்கு. நிலா சூரியனுக்கு நேர் நடுவுல வந்து நிக்கும், ஆனா முழுசா மறைக்காது. சுத்தி விளிம்பு மட்டும் தெரியும். வளையல் மாதிரி. எல்லா ஊருக்கும் தெரியாது, ஒரு பட்டையா போகும், அந்தப் பட்டைக்குள்ள நின்னாத்தான் வளையம். ரெண்டாயிரத்துப் பத்துல, மாட்டுப் பொங்கலன்னைக்கு, தனுஷ்கோடிப் பக்கம் போச்சு. நாங்க ரெண்டு பேரும் போறதாத்தான் பேச்சு. பையெல்லாம் கட்டியாச்சு. புறப்படற நேரத்துல ஒரு குடும்பம் ஸ்டுடியோ வாசல்ல வந்து நிக்குது. அப்பா இறந்துட்டாரு, மாலை போட ஒரு படம் இல்லை, குரூப் போட்டோ ஒண்ணுலேர்ந்து முகத்தை மட்டும் பெருசு பண்ணித் தரணும். பண்டிகை நாளு, வேற கடை எதுவும் திறக்கலை. அருளு என்னைப் பார்த்து, "நீ போடா, நான் செஞ்சு கொடுத்துட்டுத்தான் வரமுடியும்"னான்.

நான் போனேன். போகாம என்ன செய்ய? ரெண்டு பேரும் விடறதுல என்ன லாபம்? தனுஷ்கோடியில, உச்சி வெயில்ல, கடலுக்கு நேர் மேல வளையம் நின்னுச்சு. பத்து நிமிஷத்துக்கு மேல. போன் போட்டு அவனுக்குச் சொன்னேன். "சொல்லுடா, சொல்லுடா"ன்னுட்டே இருந்தான். பின்னால அழுகைச் சத்தம் கேட்டுச்சு, அந்தக் குடும்பத்து ஆளுங்க. வந்ததும் ஒரு மாசம் அதையே சொன்னேன் அவன்கிட்ட. அவனுக்கு அலுக்கவே இல்லை. கடைசியில, "அடுத்தது நமக்கு எப்படா?"ன்னு கேட்டான். கணக்குப் பார்த்துச் சொன்னேன், "ரெண்டாயிரத்துப் பத்தொம்பது டிசம்பர். அதுவும் நம்ம ஊருக்கே வருது. நம்ம திண்டுக்கல்லுக்கே! அது உனக்கு, அருளு. நான் ஏற்கெனவே பார்த்தாச்சு, அதை நீ பாரு. உன் மாடியிலயே உட்கார்ந்து பார்ப்போம்"னேன்.

இந்த வார்த்தையை நான் சொன்னேன், மறுக்கலை. ஆனா மாடியிலதான் பார்க்கணும்னு எழுதியா கொடுத்தேன்?

ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. போன டிசம்பர்ல, எங்க ஊர்க் காலேஜ் ஒண்ணோட தாளாளர் கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தார். பேச்சுவாக்குல கிரகணத்தைப் பத்திச் சொன்னேன். அசந்துட்டார். "இவ்வளவு தெரிஞ்சவர் ஊருக்குள்ளயே இருக்கீங்க. எங்க மைதானத்துக்கு வாங்க, பிள்ளைகளுக்குக் காட்டுங்க, மேடை போட்டுடலாம்"னார். நான் சரின்னுட்டேன். தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்றதுல என்ன தப்பு?

அருளுகிட்ட அப்புறம் சொன்னேன். "மாடியில பார்க்கலாம்னு சொன்னியேடா. ஜெனிட்டாவும் மாப்பிள்ளையும் கிறிஸ்மஸுக்கு வர்றாங்க, அவங்களையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கேன்"னான். "பிள்ளைங்க பார்க்கட்டும்டா"ன்னேன். கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். "பிள்ளைங்கன்னா சரி"ன்னான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள். வானத்துல ஒரு துளி மேகம் இல்லை. டெலஸ்கோப்பை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனோம். காலேஜ் லீவு பாருங்க, பிள்ளைங்க கொஞ்சம் பேர்தான் இருந்தாங்க. தாளாளர் வீட்டாளுங்க, அவங்க சொந்தக்காரங்க, டிரஸ்டிங்க, ஊர்க்காரங்க கொஞ்சம், லோக்கல் டிவி கேமராக்காரர். அருளு, "அந்த வேப்பமரத்தோரமா வெச்சுக்குவோம்டா, நமக்கும் தோதா இருக்கும்"னான். கேமராவுக்கு மேடை முன்னாலதான் சரியா வரும்னு அங்கே வைக்கச் சொன்னேன். வெச்சான்.

இதுல ஒண்ணு நீங்க தெரிஞ்சுக்கணும். பார்க்கிறவங்க கண்ணு கெடாம இருக்க டெலஸ்கோப் வாயில சூரிய ஃபில்ட்டர் மாட்டியிருந்தோம், ஆனா அது தானா திரும்பாது. சூரியன் நகர நகர, கையால மெதுவாத் தள்ளிக்கிட்டே இருக்கணும். யாராவது முட்டிட்டா போச்சு, மறுபடி பிடிக்கணும். சூரியனை அண்ணாந்து பார்த்துப் பிடிக்க முடியாது, கண்ணு போயிடும். அதனால தரையில விழுற குழாயோட நிழலைப் பார்க்கணும். நிழல் சின்னதாகிச் சின்னதாகி வட்டமா வந்து நின்னா, குழாய் சூரியனுக்கு நேரா இருக்குன்னு அர்த்தம். குனிஞ்சு நின்னு செய்யற வேலை. எங்க ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும். நான் மேடையில இருந்தேன். அப்ப அவன்தானே நிக்கணும்?

சட்டைப்பையில ஒரு கிரகணக் கண்ணாடி வெச்சிருந்தான், கருப்புத் தாள் ஒட்டினது, நான் கொடுத்ததுதான். தாளாளரோட அம்மா வந்தாங்க, கைவசம் இருந்த கண்ணாடியெல்லாம் கொடுத்து முடிஞ்சுபோச்சு. நானே இறங்கிப் போய் அவன் பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். "உனக்குத்தான் டெலஸ்கோப்பே இருக்கேடா"ன்னேன். சிரிச்சான். சிரிச்சான் தம்பி, நான் பார்த்தேன்.

ஒன்பதரை மணி சுமாருக்கு வெளிச்சம் ஒரு மாதிரி ஆச்சு. வெயில் இருக்கு, சூடு இல்லை. காக்காயெல்லாம் அடங்கிடுச்சு. நான் மைக்குல, "இதோ, இதோ, இன்னும் கொஞ்சம்..."னு சொல்லிட்டே இருக்கேன். வளையம் கூடிச்சு! அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பொன்னாடை போர்த்தினாங்க. எல்லாரும் கைதட்டுறாங்க, சூரியனுக்கா எனக்கான்னு தெரியலை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "பாருங்க, எல்லாரும் பாருங்க!"ன்னு கத்தினேன். எல்லாரும்னா எல்லாரும்தானே? அதுல அவனும் அடக்கம்தானே?

கீழே டெலஸ்கோப்புல தாளாளர் வீட்டாளுங்க வரிசையா பார்க்கிறாங்க. ஒருத்தர் முட்டுறார், இவன் குனிஞ்சு நிழலைப் பார்த்துச் சரி பண்றான். அடுத்தவர் முட்டுறார், மறுபடி குனியறான். இங்கே வளையம் மூணு நிமிஷம்தான், தனுஷ்கோடி மாதிரி இல்லை. நடுவுல ஒரு தடவை மேடையைப் பார்த்துக் கை காட்டினான், தான் ஒரு தடவை பார்த்துக்கறேன்னு. கொஞ்சம் பொறுன்னு சொன்னேன். அவ்வளவுதான். அப்புறம் வளையம் உடைஞ்சிடுச்சு.

இதுதான் நடந்தது. நான் வேணும்னு செஞ்சேனா? அவன் பாட்டுக்கு டெலஸ்கோப்பைக் கழட்டினான், ஆட்டோவுல வெச்சான், போயிட்டான். நான் அங்கேயே டிபன் சாப்பிட்டுட்டு மெதுவா கடைக்கு வந்தேன். அவன் வாசல்ல நின்னுட்டிருந்தான். "என்ன அருளு, எப்படி?"ன்னேன்.

"வாங்க. நல்லாப் பேசினீங்க"ன்னான்.

வாங்க! பேசினீங்க! நான் முதல்ல கேலி பண்றான்னு நினைச்சுச் சிரிச்சேன். மறுநாளும் "வாங்க." பொங்கலுக்கும் "எப்படி இருக்கீங்க." டீ வந்தா எனக்கும் சொல்லுவான், "அவருக்கு ஒண்ணு கொடுங்க"ன்னு. கோபமா முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் போய்ச் சண்டை போட்டுடுவேன் தம்பி. இது அப்படி இல்லை. கல்யாண வீட்டுல பெரிய மனுஷங்களை உட்கார வைக்கிற மாதிரி என்னை உட்கார வெச்சுட்டான். அந்த நாற்காலியிலேர்ந்து என்னால எந்திரிக்க முடியலை.

"முப்பத்தொண்ணுல மறுபடி வருது, மதுரைப் பக்கம்"னு சொல்லிப் பார்த்தேன். "அப்படிங்களா, நல்லதுங்க"ன்னான். அப்ப அவனுக்கு எழுபத்து நாலு வயசு இருக்கும்.

போன வாரம் பொறுக்க முடியாம ஒரு காரியம் செஞ்சேன். ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் வேணும்னு பொய் சொல்லிக்கிட்டு ஸ்டுடியோவுக்குள்ள போனேன். ஸ்டூல்ல உட்கார வெச்சான். விளக்கைப் போட்டான். "நேராப் பாருங்க"ன்னான். எனக்கு நேராப் பார்க்க வரலை. "தலையைத் தூக்குங்க"ன்னான். தூக்கறேன், தானாக் கீழே வருது. கேமராவை விட்டுட்டு வந்து, என் தாடைக்குக் கீழே ரெண்டு விரலை வெச்சு, முகத்தை நிமிர்த்திவிட்டான். "ஆடாதீங்க"ன்னான். அந்த விரலு பட்டதும் எனக்கு உடைஞ்சுபோச்சு. "அருளு, ஒரு கிரகணத்துக்காடா இவ்வளவு?"ன்னு கேட்டுட்டேன்.

அவன் விளக்கை அணைச்சான். "கிரகணத்துக்கு ஒண்ணும் இல்லைங்க. முன்ன ஒண்ணை விட்டவன்தானே நான்"னான். அப்புறம் ஸ்டாண்டைச் சரி பண்றவன் மாதிரி வேற பக்கம் திரும்பிக்கிட்டு, "எங்க ஜெனிட்டா கூட்டத்துல நின்னுச்சுங்க. மாப்பிள்ளையும் நின்னாரு. சின்ன வயசுலேர்ந்து, நானும் சித்தப்பாவும் செஞ்ச டெலஸ்கோப்னு சொல்லிச் சொல்லித்தான் அதை வளர்த்தேன்"னான்.

நான் உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன் தம்பி. கொஞ்சம் பொறுன்னு சொன்னேன்னேன்ல? அது மட்டும் இல்லை. அவன் கை காட்டினப்ப நான் மைக்குல, "பாருங்க, நம்ம உதவியாளருக்கே ஆசை வந்துடுச்சு! விருந்தாளிங்க பார்க்கட்டும், கொஞ்சம் பொறுப்பா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். உதவியாளர்னு ஏன் வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. அந்த டெலஸ்கோப் கண்ணாடியில பாதித் தேய்ப்பு அவன் கையால தேய்ச்சது. பாதிக்கு மேலயே இருக்கும்.

அந்தப் பொண்ணு அங்கே நின்னது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மேடையிலேர்ந்து பார்த்தா முகமே தெரியலை, எல்லாரும் கருப்புக் கண்ணாடி போட்டு அண்ணாந்து நிக்கிறாங்க. வர்றாங்கன்னு அவன் முன்னாலயே சொல்லியிருந்தான்தான். எனக்கு ஞாபகம் இல்லை.

அதான் இன்னைக்குக் கோயமுத்தூர் போனேன். அவன்கிட்டச் சொல்லலை. பொண்ணுகிட்ட நேரா, "அம்மா, அந்த டெலஸ்கோப் உங்க அப்பாவோடது. நான்தான் தப்பாப் பேசிட்டேன்"னு சொல்லிடறதுன்னு முடிவு. பஸ்ஸுல போகும்போது மனசுக்குள்ள நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்தேன். பழனி பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கிக்கிட்டேன்.

கதவைத் திறந்ததும், "சித்தப்பா! வாங்க வாங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிச்சு. மாப்பிள்ளை நாற்காலியை எடுத்துப் போட்டாரு. சொல்லிப் பார்த்து வெச்சிருந்தது மட்டும் வாயில வரலை. வேற என்னென்னமோ வருது. சனிக்கிரகத்து வளையத்தைப் பத்தி, இந்த மாசம் சாயங்காலத்துல தெரியற வெள்ளியைப் பத்தி... மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டாரு, அதைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் பேசினேன். மைக் இல்லைங்கறதுதான் குறை. சாப்பாடு போட்டாங்க. மீன் குழம்பு. சாப்பிட்டேன்.

கிளம்பறப்பதான் காபி கொண்டுவந்து கொடுத்துட்டு, ஜெனிட்டா எதிர்ல உட்கார்ந்துச்சு. "சித்தப்பா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே?"ன்னுச்சு. சொல்லும்மான்னேன்.

"அன்னைக்கு மைதானத்துல அப்பாவை நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு சித்தப்பா. வீட்டுக்கு வந்து அப்பாகிட்டக் கோபமாக் கேட்டேன், ஏன்பா அவரு அப்படிப் பேசினாருன்னு. அதுக்கு அப்பா, 'அவன் அவ்வளவு பெரிய மேடை ஏறினதே இல்லைம்மா, பயந்துபோயிருந்தான். பயத்துல என்ன பேசறோம்னு தெரியாம வந்துடுச்சு. நீ மனசுல வெச்சுக்காதே'ன்னாரு. அப்படித்தானா சித்தப்பா? பயந்துதான் போயிருந்தீங்களா?"

பயமே இல்லை தம்பி எனக்கு. துளிக்கூட இல்லை. அந்த மூணு நிமிஷம் மாதிரி ஒரு சந்தோஷத்துல நான் என் ஆயுசுலயே இருந்ததில்லை. கீழே அவன் குனிஞ்சு நின்னதுகூட அப்ப எனக்கு அழகாத்தான் இருந்துச்சு. இதைத்தான் நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கணும். இதைச் சொல்லத்தான் போனேன்.

"ஆமாம்மா. பயம்தான்"னேன்.

அந்தப் பொண்ணு முகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு. "நினைச்சேன் சித்தப்பா"ன்னு சொல்லி, செல்போனை எடுத்து அங்கேயே அவனைக் கூப்பிட்டுடுச்சு, எனக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டு. "அப்பா, சித்தப்பா இங்கேதான் இருக்காரு. நீங்க சொன்னதுதான்பா. மேடையில பயந்துதான் போயிட்டாராம்"னுச்சு.

நான் மேடை கிடைச்சாப் பயப்படற ஆளு இல்லைன்னு உலகத்துல அவனுக்குத்தான் தெரியும். எங்கே நாலு பேர் கூடினாலும் நான் பேசறதையும், அவன் ஓரமா நிக்கிறதையும், அவன்தானே இருபத்திரண்டு வருஷமாப் பார்த்தவன்.

"அதான் சொன்னேனேம்மா"ன்னான். "அவருக்குச் சாப்பாடு போட்டியா?"